உறவு என்ற கட்டம்

பெல்லந்தூரில், ஆறாவது மாடியில்,
மதியம் ஒன்றரைக்கு எனக்கு சுவீடன் திறக்கும்.
இரவு ஏழரைக்கு அதே நாற்காலியில்
ஹெட்செட்டின் பஞ்சை மட்டும் மாற்றிக்கொண்டு
அமெரிக்காவுக்குப் போவேன்.

சுவீடனின் கோப்புகள் சின்னவை.
லீனா என்றொருத்தி. பிள்ளைக்குக் காய்ச்சல்,
நான்கு நாள் வீட்டிலிருந்தாள்.
நான்கு நாளுக்கும் பணம் உண்டு அங்கே.
வெள்ளிக்கிழமை வரவேண்டியது திங்களன்று வந்தது.
எழுதினாள், கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை:
"தாமதம் எனக்கு மட்டுமா, எல்லாருக்குமா?
எல்லாருக்கும் என்றால் பழுது எங்கே?"
குழாயில் தண்ணீர் நின்றால் கேட்கிற தொனி.
பிள்ளைக்குத் தேவலையா என்று நான் கேட்டதற்கு
இன்றுவரை பதில் இல்லை.

ஒஹையோவில் டுவெய்ன், லாரி ஓட்டியவர்,
இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது.
முன் அனுமதி பெறவில்லை என்று காப்பீடு மறுத்ததை
மூன்று முறை வாசித்துக் காட்டினேன்.
ஞாயிறு சர்ச்சில் பான்கேக் சுட்டு விற்று
அறுநூறு டாலர் சேர்த்தார்களாம் அவருக்காக.
சொல்லும்போதே அழுதார்.
பிறகு நான் கேட்காமலே:
"சும்மா இருக்கிறவனுக்கு என் வரிக்காசு போவதைவிட
இந்த இடுப்பே மேல்."
வைப்பதற்கு முன் என் பெயரைக் கேட்டார்.
பூன்-கோ-டே என்றார்.
உனக்காகவும் ஜெபிக்கிறேன் என்றார்.
லீனா என் பெயரைக் கேட்டதில்லை.

எங்கள் மாடியைத் துடைக்கிற ஃபிலோமினாவுக்குப்
பித்தப்பையில் கல்.
ஈ.எஸ்.ஐ. ஜன்னலில் அட்டையை நீட்டியிருக்கிறாள்.
எட்டு மாதமாய் உன் கணக்கில் பணம் கட்டவில்லையே
என்று கன்னடத்தில் சொல்லியிருக்கிறார்கள்.
"மாசாமாசம் புடிச்சாங்களே, சீட்டு வச்சிருக்கேனே."

வாட்ஸப் குழுவில் இரண்டே மணி நேரம்.
நாற்பத்தோராயிரம் சேர்ந்தது.
மேலாளர் சுப்ரீத் ஹெக்டே மட்டும் ஐயாயிரம்.
இதயங்கள், கூப்பிய கைகள்.
நானும் ஆயிரம் அனுப்பினேன்,
பிரியாணி தின்றதுபோல் நிறைந்துபோனேன்.
அவள் ஒவ்வொரு மேசையாய் வந்து அழுதாள்.
அந்த அழுகையை எங்கேயோ கேட்டிருக்கிறேன்.

சில்க் போர்டு மேம்பாலத்தடியில்
வண்டி நகராமல் நின்ற நள்ளிரவில்
லீனாவின் வரி வந்து பக்கத்தில் உட்கார்ந்தது:
எனக்கு மட்டுமா, எல்லாருக்குமா?

விசாரித்தேன். அதே கான்ட்ராக்டரிடம்
எங்கள் கட்டடத்தில் இருபத்தாறு பேர்.
இருபத்தாறு பேருக்கும் எட்டு மாதம்.
குழுவில் போட்டேன்.
நீல டிக்குகள் விழுந்தன, இதயம் ஒன்றும் விழவில்லை.
"இங்கே வேண்டாமே, தனியாகப் பேசலாம்" என்றார்
ஐயாயிரம் கொடுத்த அதே நல்ல மனிதர்.

புகார்ப் படிவத்தில் ஒரு கட்டம்:
பாதிக்கப்பட்டவர் உமக்கு என்ன உறவு?
கணவன், மகள், பெற்றோர், பிற.
பிற எனில் விளக்குக.
அதை அப்படியே விட்டுவிட்டு
ஃபிலோமினாவிடம் நீட்டினேன்.
கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.
"காசு குடுத்தீங்க, புண்ணியம்.
வேலைக்கு வேட்டு வைக்காதீங்க.
மத்தவங்க போட்டா நானும் போடறேன்."

மத்தவர்கள் கீழே, கார் நிறுத்துமிடத்தில்,
ஜெனரேட்டருக்குப் பின்னால்
சாப்பாட்டு டப்பாக்களோடு இருந்தார்கள்.
நான்கு பேர் பேனாவை வாங்கினார்கள்.
ஐந்தாவது ஆள், ராய்ச்சூர்க்காரர், ஹனுமப்பா,
எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு நிமிர்ந்தார்:
இதில் உனக்கென்ன?

படிவம் கேட்டதும் அதைத்தான்.
மணி ஏழு இருபத்தாறு.
மேலே யாரோ ஒரு டுவெய்ன்
காத்திருப்பு இசையைக் கேட்டுக்கொண்டிருப்பார்.
பேனாவை அவரிடமிருந்து வாங்கி
அந்தக் கட்டத்தில் "ஆறாவது மாடி" என்று எழுதினேன்.
ஹனுமப்பா அதையும் எழுத்துக்கூட்டினார்.
சிரிக்கவில்லை.
டப்பாவை ஓரமாய்த் தள்ளி
இடம் விட்டார்.